மின்கம்பியிடம் சுருதி கேட்கும் ஓர்கன்

"மாமா, இஞ்ச ஒரு சேர்ச்சில பழைய ஹமண்ட் ஓர்கன் ஒண்டு சும்மா குடுக்கினம். வட்டக்கச்சிக்கு அனுப்பி விடட்டே?"

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து மருமகன் கேட்டான். இங்கே ஞாயிறு ஆராதனைக்கும் பாடசாலை விழாக்களுக்கும் ஒரே கீபோட்டைத்தான் மாறி மாறித் தூக்கிக்கொண்டு திரிகிறோம். அதிலும் நாலைந்து கட்டைகள் அமுக்கினால் பேசாது. அதை அவன் போன வருகையில் பார்த்திருந்தான். அவனுடைய மனது எனக்கு விளங்கியது. ஆனாலும் உடனே "ஓம்" என்று சொல்ல வாய் வரவில்லை. "அதை இயக்கிறதுக்கு எத்தனை ஆளி இருக்கெண்டு பாத்துச் சொல்லு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஓர்கன் என்றால் கலியாண வீட்டில் இரும்புக் காலில் நிறுத்தி வைத்து வாசிக்கிற கீபோட்தான். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். மருமகன் சொன்னது வேறு இனம். ஹமண்ட் கம்பனியின் பேர்போன பி-3 வகை என்றால், இருக்கையும் காற்கட்டைகளும் சேர்த்து ஏறத்தாழ 190 கிலோ. மேலும் கீழுமாக 61 கட்டைகள் கொண்ட இரண்டு வரிசை, காலுக்கு 25 கட்டைகள். வன்னியில் பாரம் என்பதைச் சாதாரணமாகக் கேட்க எங்களால் முடியாது. 2009 ஜனவரியில் போரால் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று முற்றத்தில் நின்று யோசித்தவர்கள் நாங்கள்.

எனினும் நான் தயங்கியது பாரத்துக்காக அல்ல. பழையதா புதியதா, எதன் ஒலி இனியது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் கருவி தன் சுருதியை எங்கிருந்து எடுக்கிறது? வீணைக்குத் தந்தியின் இழுவிசை, புல்லாங்குழலுக்கு உள்ளே நிற்கும் காற்றின் நீளம், ஹார்மோனியத்துக்குப் பித்தளை நாக்கு. ஹமண்ட் ஓர்கனுக்கோ மின்சார நிலையம்.

லோரன்ஸ் ஹமண்ட் இசைக்கலைஞர் அல்லர். சிக்காகோவில் மின்கடிகாரம் செய்த பொறியியலாளர். அவருடைய கடிகாரத்தின் உள்ளே ஒத்தியங்கு மோட்டார் ஒன்று இருந்தது. அது வீட்டுக்கு வரும் ஆடலோட்ட மின்சாரத்தின் துடிப்போடு பூட்டிக்கொண்டு சுழலும். அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 தடவை துடிக்கிறது. மோட்டார் அதற்குக் கூடவோ குறையவோ ஓடாது. வேகம் தவறாமல் சுழலும் ஒரு மோட்டார் இருந்தால் சுருதி தவறாத இசைக்கருவியும் செய்யலாமே என்று அவர் எண்ணினார். 1934இல் காப்புரிமை கிடைத்தது. 1935இல் முதல் ஓர்கன் விற்பனைக்கு வந்தது.

உள்ளே நடப்பதை வன்னிச் சனத்துக்கு விளங்கப்படுத்துவது மிகச் சுலபம். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்று சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். டைனமோவில் காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றுக்கொன்று அசைய, சுருளில் மின் பிறக்கிறது. பரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் அதுதான். ஹமண்ட் ஓர்கனுக்குள் இப்படிப்பட்ட குட்டி டைனமோக்கள் 91 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருக்குத் தட்டு ஒன்று சுழலும். தட்டின் விளிம்பில் மேடும் பள்ளமுமாகப் பற்கள். எதிரே ஒரு காந்தக் கோல், அதன்மேல் கம்பிச்சுருள். ஒரு பல் காந்தத்தை நெருங்கி விலகும்போது மின் ஒரு தடவை ஏறி இறங்கும். விநாடிக்கு 440 பற்கள் கடந்தால் 440 ஹேர்ட்ஸ் சுரம். வானொலிக்குப் போன மின்னைப் போலல்லாமல், இந்த மின்னே ஒலிபெருக்கிக்குப் போய் இசையாகிறது.

மோட்டாரின் தண்டு விநாடிக்கு 20 சுற்று. அதிலிருந்து பன்னிரண்டு சுரங்களுக்கும் பன்னிரண்டு சோடிப் பற்சில்லுகள் வேகத்தைப் பிரித்துக் கொடுக்கின்றன. 88 பல்லும் 64 பல்லும் சேரும் சோடி 20ஐ 27.5 ஆக்கும். அந்த வேகத்தில் 16 பல்லுள்ள தட்டைச் சுழற்றினால் 27.5 தர 16, சரியாக 440. மற்றச் சுரங்கள் இப்படி மயிரிழை பிசகாமல் வருவதில்லை. ஆனால் காது பிடிக்க முடியாத அளவுக்கு நெருங்கி வருகின்றன. முழு எண் பற்களை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு சுரத்தையும் வரிசைப்படுத்திய அந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

இப்போது அந்த ஓர்கனைக் கப்பலேற்றிக் கொழும்பு வழியாக ஏ9 வீதியால் கொண்டுவந்து வட்டக்கச்சியில் இறக்கினோம் என்று வையுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அது பெரிய சிக்கல் அல்ல, ட்ரான்ஸ்போமர் ஒன்று போட்டால் சரி. ஆனால் ட்ரான்ஸ்போமர் வோல்ட்டளவை மாற்றுமேயொழிய மீடிறனை மாற்றாது. இலங்கையின் மின்சாரம் விநாடிக்கு 50 துடிப்பு. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அதனால் எல்லாச் சுரமும் மூன்று அரைச்சுரத்துக்கும் சற்றுக் கூடுதலாக இறங்கிவிடும். ஒரு கட்டைச் சுருதிக்குரிய கட்டையை அமுக்கினால் அதற்குக் கீழேயுள்ள ஆறு கட்டைச் சுருதி கேட்கும்.

அப்படியென்றால் மூன்று தள்ளி வாசித்தால் போகிறது என்று தோன்றலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், பிறகு கணக்குப் பார்த்தேன். அருகில் ஒரு கீபோட்டில் 220 ஹேர்ட்ஸ் சுரத்தை வாசிக்கிறோம்; ஓர்கனில் அதற்கு மிக நெருங்கிய கட்டை தருவது 218. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு இரண்டு தடவை ஒலி பெருத்தும் சிறுத்தும் அலையடிக்கும். உயர்தரப் பௌதிகவியலில் அடிப்பு என்று படிப்பிப்பது இதைத்தான். பாடுகிறவர் எந்தச் சுருதியில் நிற்பது என்று தெரியாமல் தத்தளிப்பார்.

ஹமண்ட் கம்பனி 50 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கென்று தனியாகவும் ஓர்கன் செய்தது. இங்கிலாந்திலிருந்து வந்த ஒன்றென்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் இன்னொரு தொல்லை நிற்கிறது. மின்சாரம் நின்றால்? 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படியான நாளில் ஜெனரேற்றரைத்தான் இழுத்துத் தொடக்குவோம். சிறிய பெற்றோல் ஜெனரேற்றரில் மீடிறன் என்பது எஞ்சினின் வேகம். பாரம் இல்லாமல் ஓடும்போது 52 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள். மின்விசிறிகளையும் ஒலிபெருக்கியையும் போட்டதும் எஞ்சின் முக்கி 49க்கு இறங்கினால், ஓர்கன் முழுதாக ஓர் அரைச்சுரம் கீழே போய்விடும். பாட்டின் நடுவில் யாரோ ஒரு மின்விசிறியைப் போட, சுருதி வழுக்கும்.

இதற்கும் வழி இருக்கிறது. 60 ஹேர்ட்ஸ் தரும் தூய சைன் அலை இன்வேட்டர் ஒன்றைப் பற்றரியில் பூட்டி ஓர்கனுக்கு ஊட்டினால் அது பிறந்த ஊரில் பாடியது போலவே பாடும். ஆனால் இன்வேட்டருக்குள் துடிப்பை எண்ணுவது ஒரு குவார்ட்ஸ் பளிங்கு. அப்படிப் பார்த்தால் அந்தப் பழைய ஓர்கனும் தன் சுருதியை இன்றைய கீபோட் எடுக்கிற இடத்திலிருந்துதான் எடுக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த ஓர்கனை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ணக்கூடாது. அதன் ஒலி கட்டப்படும் விதம் இசையறிவியலில் ஓர் அரிய பாடம். ஒரே சுரத்தை நாதஸ்வரமும் புல்லாங்குழலும் வாசித்தால் வேறு வேறாக ஏன் கேட்கிறது? ஒவ்வொரு சுரத்தோடும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு மீடிறனுள்ள மேற்றொனிகள் கலந்து வருகின்றன. எது எவ்வளவு என்ற கலவைதான் குரலின் நிறம். எந்த ஒழுங்கான அலையையும் எளிய சைன் அலைகளாகப் பிரிக்கலாம் என்று பூரியே காட்டினார். காது அதையே செய்கிறது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் எழுதினார். ஹமண்டின் தட்டுகள் ஒவ்வொன்றும் தருவது ஏறத்தாழத் தூய சைன் அலை. கட்டைகளுக்கு மேலே ஒன்பது இழுகோல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் அந்தக் கலவையின் ஒரு தொனி. எட்டுப் படி வரை வெளியே இழுக்கலாம். சமையலில் மிளகு கொஞ்சம், சீரகம் கொஞ்சம் என்று போடுவது போலக் கலந்து குரலை ஆக்க வேண்டியதுதான். முதல் கோலையும் மூன்றாவதையும் மட்டும் இழுத்தால் குழல் போல மெதுவாக ஊதும். எல்லாவற்றையும் இழுத்தால் கூரை அதிரும்.

ஒரு கட்டையை அமுக்கும்போது ஒன்பது தொடுகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடும். இரண்டு வரிசையிலும் சேர்த்து 1098 தொடுகைகள். அவை மூடும் கணத்தில் "டிக்" என்று ஒரு மெல்லிய சத்தம் எழும். ஹமண்டின் பொறியியலாளர்கள் அதைக் குறை என்று கருதி அடக்கப் பார்த்தார்கள். ஜாஸ் வாசித்தவர்களுக்கோ அந்த டிக் தாளத்துக்கு வாய்த்தது. இன்று அதே ஓர்கனைப் பின்பற்றிச் செய்யும் டிஜிட்டல் கருவிகளில் அந்தக் குறையைக் கணக்குப் போட்டுத் திரும்பச் சேர்க்கிறார்கள்.

டொன் லெஸ்லி செய்த ஒலிபெருக்கிப் பெட்டியையும் சொல்ல வேண்டும். காலையில் ஒழுங்கையால் பேத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு பாண் ஓட்டோ வருகிறதல்லவா, எங்களைக் கடந்ததும் அந்த மெட்டு ஒரு துளி இறங்கிக் கேட்கும். நெருங்கும்போது அலைகள் நெருக்கம், விலகும்போது ஐது, டொப்ளர் விளைவு. லெஸ்லி பெட்டிக்குள் கொம்பு வடிவான ஒலிபெருக்கி வாய் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்று வேகத்தில் சுழலும். கணக்குப் பார்த்தால் கொம்பின் நுனி மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் ஓடுகிறது, பாண் ஓட்டோவின் வேகம்தான். விநாடிக்கு ஆறேழு தடவை அது நம்மை நோக்கி வந்து விலகுவதால் ஒலிக்கு ஓர் உயிர்த்துடிப்பு வருகிறது. இதை நேரில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

உண்மையான பைப் ஓர்கனுக்கு இது ஈடாகுமா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 1937இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஆலயத்தில் இரண்டையும் திரைக்குப் பின்னால் வாசித்துக் காட்டினார்கள். கேட்டவர்கள், இசை படித்தவர்கள் உட்பட, பல தடவை மாறிச் சொன்னார்கள். அசல் எது, நகல் எது என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது. அன்றைக்கு நகல் என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஹமண்ட்தான் இன்று அசல்.

எங்கள் மண்ணுக்கு இந்த ஓர்கன்களுக்கு முன்னரே வந்து பழகியது ஹார்மோனியம். பாரிஸில் டெபான் 1842இல் காப்புரிமை பெற்ற காற்கருவியை, கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் 1875இல் கையால் துருத்தி அடிக்கும் பெட்டியாக்கினார். நடிகமணி வைரமுத்துவின் மயானகாண்டத்தை ஹார்மோனியம் இல்லாமல் எண்ணிப் பார்க்க முடியுமா? அதற்கு மின்சாரமே வேண்டாம். சுருதி பித்தளை நாக்கிலேயே இருக்கிறது. மின்வெட்டு நாளில் அதுவே எங்களைக் காப்பாற்றுகிறது. யமஹா கம்பனியின் கதையும் இப்படி ஒரு நாக்கு ஓர்கனில்தான் தொடங்கியது. 1887இல் ஜப்பானின் ஹமமட்சுவில் ஒரு பாடசாலையின் ஓர்கன் பழுதாக, அதைத் திருத்த வந்தவர் தொரகுசு யமஹா. திறந்து பார்த்தவர், இதை நானே செய்யலாம் என்று இறங்கினார்.

அறுபதுகளில் திரான்சிஸ்டர் ஓர்கன்கள் வந்தன. வொக்ஸ் கொன்டினென்டல் 1962இல், அதற்குப் பின்னால் பர்பிசா. எழுபதுகளின் பொப் இசை மேடைகளில் எங்கள் மூத்தவர்கள் கேட்ட கூர்மையான, மூக்கால் பேசும் ஒலி இந்த இனத்துடையது. இவற்றில் மோட்டார் இல்லை. மேல் ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களுக்கும் பன்னிரண்டு அலையக் கூறுகள், ஒவ்வொன்றிலும் கம்பிச்சுருளும் கொள்ளளவியும். கீழ் ஸ்தாயிகளுக்கு மின்சுற்று இரண்டு துடிப்புக்கு ஒன்றை மட்டும் வெளியே விடும், மீடிறன் பாதியாகிவிடும். மின்கம்பியின் துடிப்பு எதுவானாலும் இவற்றுக்குக் கவலையில்லை. ஆனால் வெயில் கவலை உண்டு. சித்திரை மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழே சுருளும் கொள்ளளவியும் சூடாக, பன்னிரண்டு சுரமும் பன்னிரண்டு திசையில் மெல்ல நகரும். நல்லகாலம், ஊரில் வானொலி திருத்துகிறவர் ஒரு திருப்புளியோடு வந்து பன்னிரண்டையும் திருகிச் சரிப்படுத்திவிடலாம்.

இனிக் கீபோட். அதன் சுருதி பளிங்கில் இருக்கிறது. குவார்ட்ஸ் துண்டு ஒன்று மின்னூட்டத்தில் அதிர்கிறது. வெயிலும் மழையும் அதை அசைப்பது காதுக்கு எட்டாத அளவு. உண்மையான கருவிகளின் ஒலியை விநாடிக்கு 44,100 தடவை போல அளந்து எண்களாக வைத்திருக்கிறார்கள்; கட்டையை அமுக்கியதும் அந்த எண்கள் திரும்ப ஒலியாகின்றன. மலிவான கீபோட்டில் ஓர்கன் குரல் வெறுமையாகக் கேட்பதற்குக் காரணம் இங்கேதான். சில விநாடி ஒலித்துண்டு ஒன்று திரும்பத் திரும்பச் சுழல்கிறது. ஹமண்டில் ஒரு கட்டையையும் அதன் மேல் ஸ்தாயியையும் சேர்த்து அமுக்கினால் இரண்டும் பல தட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும்; ஒன்றோடொன்று பின்னிய ஒலி வரும். ஒலித்துண்டில் அந்தப் பின்னல் கிடையாது. விலை கூடிய சில கருவிகள் ஒலித்துண்டை விட்டுவிட்டு, 91 தட்டும் எப்போதும் சுழல்வதாகவே கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்குகின்றன. இழுகோலும் உண்டு. நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால் வேறுபாடு காண்பது கடினம்.

எங்கள் பாட்டுக்குக் கீபோட்டில் வேறு வசதியும் இருக்கிறது. கீர்த்தனை பாடும் அக்கா ஐந்து கட்டை என்றால் ஓர் ஆளியில் சுருதியை நகர்த்தலாம். சில கீபோட்களில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக நுண்ணளவில் ஏற்றி இறக்கலாம். தம்புராவோடு பாடும்போது அந்தர காந்தாரம் உறுத்துவதேன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அதை இறக்கிக் காட்டியிருக்கிறேன். ஹமண்டில் அது பற்சில்லில் வெட்டிய விதி.

பெரும்பாலான சிறிய கீபோட்கள் 9 முதல் 12 வோல்ட் நேரோட்டத்தில் ஓடும். சூரியப் படலும் பற்றரியும் உள்ள வீட்டில் மின்வெட்டுப் பயமில்லை. ஆனால் பற்றரியில் நேரே கொழுவ வேண்டாம். ஏற்றும் நேரத்தில் 12 வோல்ட் பற்றரி 14க்கு மேல் போகும், இடையில் ஒரு சீராக்கி வேண்டும். செருகியின் நடு முனை நேரா எதிரா என்றும் பாருங்கள். யமஹாவில் நடு நேர். பழைய கசியோ பலவற்றில் நடு எதிர். மாறிக் கொழுவிக் கருவியைச் சாகடித்தவர்களை எனக்குத் தெரியும். கட்டைகள் பேசாமல் போனால் எறிந்துவிடவும் வேண்டாம். அனேகமாக உள்ளே இருக்கும் ரப்பர்ப் பட்டையின் கரித் தொடுகையில் புழுதி படிந்திருக்கும். கழற்றித் துடைத்தால் பாதிக்கு மேல் உயிர் பெறும். பணம் மிஞ்சினால் இன்னும் விலையான கீபோட்டைத் தேடாமல் ஒலிபெருக்கிக்குச் செலவிடுங்கள். ஓர்கனின் அடிச்சுரம் 33 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே முடியாது.

மருமகன் மறுநாள் பதில் அனுப்பினான். இரண்டு ஆளிகள். ஒன்றில் தொடக்கு, மற்றதில் ஓட்டு. அப்படியென்றால் பற்தட்டு ஓர்கன்தான். ஒத்தியங்கு மோட்டார் தானாகக் கிளம்பாது, இன்னொரு மோட்டார் அதைச் சுழற்றி வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு காலம் எண்ணெய் விடாமல் கிடந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. இங்கே கொண்டுவந்தால் 60 ஹேர்ட்ஸ் இன்வேட்டர், எண்ணெய், கறையான், மாரிக்கு ஈரம். அனுப்பும் செலவில் நல்ல கீபோட் ஒன்றும் ஒலிபெருக்கிச் சோடியும் வாங்கலாம். அனுப்ப வேண்டாம் என்றேன். அதை வாசிக்கத் தெரிந்த யாராவது அங்கேயே எடுத்துக்கொள்ளும்படி கேட்டுப் பார் என்றேன்.

ஒன்று மட்டும் கேட்டேன். கைவிட்டுப் போவதற்கு முன் பின்பலகையைக் கழற்றி, ஓடும்போது காணொளி எடுத்து அனுப்பு. இப்போது உயர்தர வகுப்பில் மின்காந்தத் தூண்டல் வரும்போது அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன். தொடக்கு ஆளியை அவன் அமுக்கிப் பிடித்திருக்கிறான். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுகிறார்கள். எட்டில் ஓட்டு ஆளி. ஒரு கட்டையும் அமுக்காமலே, 91 தட்டும் சுழலும் மெல்லிய இரைச்சல் வகுப்பறையில் கேட்கிறது.